சேரிக்கு எதுக்குப் பிளானு?

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு காலனியில் போன தை மாதம் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. அதன் தலைமேல் நாலு ரூம், ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து. கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்திருக்கிற ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பையன்களுக்கு வாடகைக்கு விடத்தான். மிக்சர் மிஷின் ஓடுகிறது, சித்தாள் பெண்கள் சட்டி மாற்றுகிறார்கள். ‘பிளான் வாங்கிட்டீங்களாண்ணே?’ என்று கேட்டேன். வீட்டுக்கார அண்ணன் சிரித்தார். ‘இன்னா தம்பி நீ? ஊர்ல எவன் பிளான் வாங்கிக் கட்னான்? சேரிக்கு எதுக்குப் பிளானு?’

கூட வந்திருந்த கல்லூரித் தோழர் அதற்கும் மேலே போனார். ‘பிளான், அப்ரூவல், விதி எல்லாமே அரசு நம்மைக் கண்காணிக்கிற கருவிங்க. நம்ம ஜனம் நம்ம மண்ணுல கட்டறதுக்கு எவன் அனுமதி குடுக்கறது?’ கைதட்டத் தோன்றுகிற பேச்சுதான். நானும் மேடைகளில் இப்படிப் பேசினவன்தான். ஆனாலும் அண்ணன் சொன்னதும் தப்பு, தோழர் சொன்னதும் தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோபப்படுகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைப் பேசிவிடலாம். இந்த நாட்டில் ஊருக்கு முதல் பிளான் போட்டவன் மனு. சண்டாளன் குடியிருக்க வேண்டியது ஊருக்கு வெளியே என்று பத்தாம் அத்தியாயத்தில் விதித்துவிட்டுப் போனான். நம்ம ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் வரி நீக்கின நிலங்களைப் பட்டியல் போடுகிறபோது ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி, தீண்டாச்சேரி தனி என்று பிரித்தே எழுதுகின்றன. திருவிதாங்கூரில் நாடார்கள் ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக்கூடாது என்று 19ஆம் நூற்றாண்டில்கூட தடை இருந்தது. எவன் எங்கே கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம் என்பது இங்கே என்றைக்குமே சாதியின் சட்டம்தான். கட்டிட விதி என்றதும் நம்ம ஆளுக்குச் சந்தேகம் வருவது அறியாமையில்லை, அனுபவம்.

நம்ம செங்கல்பட்டு ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூரும் அதற்குள்தான் இருந்தது. 1891-92இல் அந்த ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி ஒரு அறிக்கை எழுதினார். குடிசை போட்டிருக்கிற மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் வெளியே தள்ளலாம் என்பது அதில் முக்கியமான விஷயம். 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. அந்த நிலமும் கைமாறிப் போய், அதை மீட்கப் போன காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். குடியிருக்க ஒரு மனை, உழ ஒரு துண்டு நிலம் என்பதற்கு இந்த மண்ணில் நாம் கொடுத்த விலை அது.

சரி, நிலம் கிடைத்து, கல் வீடும் கட்டினோம். அப்புறம்? 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் போலீசே உள்ளே புகுந்து வீடுகளை நொறுக்கியது. 2012 நவம்பர் 7இல் தர்மபுரி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டியில் 268 வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. தளம் போட்ட வீடு, பீரோ, டி.வி., பிள்ளைகளின் சர்ட்டிபிகேட் எல்லாம் குறிவைத்து அழிக்கப்பட்டன. தலித் தலைக்கு மேல் கான்கிரீட் வருவதை ஆதிக்கச் சாதி பொறுத்துக்கொள்ளவில்லை. அதனால் நம்ம ஆள் மாடி கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. கட்டட்டும், மூணு மாடிகூட கட்டட்டும். என் கேள்வி அந்த மாடி நிற்குமா, விழுந்தால் யார் தலையில் விழும் என்பதுதான்.

2019 டிசம்பர் 2. விடிவதற்கு முன் மழை. மேட்டுப்பாளையம் நாடூர் ஆதிதிராவிடர் காலனியில் பக்கத்து இடத்துக்காரர் எழுப்பியிருந்த சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுவர் சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்துப்போனார்கள். பெண்கள், குழந்தைகள். அந்தச் சுவர் ஆபத்து என்று ஜனங்கள் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள், கேட்பாரில்லை. நியாயம் கேட்டுத் திரண்டவர்கள்மேல் தடியடி, கைது. சுவர்க்காரர் கைதானார், பிறகு ஜாமீனில் வந்தார். நாம் அதைத் தீண்டாமைச் சுவர் என்றோம், சரியாகத்தான் சொன்னோம். ஆனால் தோழர்களே, தீண்டாமை அந்தச் சுவரைக் கட்டியது. அதை விழவைத்தது எது? ஒரு சுவர் எவ்வளவு உயரம் போகலாம், அதற்கு எத்தனை அடிக்கு ஒரு தாங்குதூண் வேண்டும், மழைத் தண்ணீர் அதன் பின்னால் தேங்காமல் வடிய எங்கெங்கே ஓட்டை விட வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. மண்ணைத் தாங்கி நிற்கிற சுவரில் தண்ணீர் வடிய வழியில்லாவிட்டால் ஈரமண்ணின் கனமும் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து அதைத் தள்ளிவிடும். இது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டிய அதிகாரி, சேரிப் பக்கம்தானே சாயப்போகிறது என்று வராமல் இருந்ததுதான் நாடூர்.

நாடூர் முதல் சுவரும் இல்லை. 2014 ஜூலை 6இல் செங்குன்றம் பக்கம் ஒரு குடோனின் சுற்றுச்சுவர் மழையில் விழுந்து, அதை ஒட்டிக் குடிசை போட்டிருந்த கூலித் தொழிலாளிகள் 11 பேர் செத்தார்கள். அதற்கு எட்டே நாள் முன்னால், ஜூன் 28இல், மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் தரைமட்டமாகி 61 பேர் நசுங்கினார்கள். பெரும்பாலும் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இங்கிருந்தும் வந்த கட்டிடக் கூலிகள். மௌலிவாக்கம் அன்றைக்கு நம்ம ஸ்ரீபெரும்புதூர் வட்டம்தான்.

இங்கே கல்லூரித் தோழர் மடக்குவார்: ‘மௌலிவாக்கம் கட்டிடத்துக்கு சி.எம்.டி.ஏ. அனுமதி இருந்துச்சே! பிளான் என்னத்தைக் காப்பாத்துச்சு?’ உண்மை. அனுமதி இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், காகிதத்தில் குத்துகிற முத்திரை வேறு, கட்டிட விதி வேறு. எத்தனை மாடி, பக்கத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பார்த்து முத்திரை குத்திவிட்டார்கள். தூண் அந்தக் கனத்தைத் தாங்குமா, அடியில் மண் எப்படி என்று யார் பார்த்தது? ரகுபதி கமிஷன் விசாரித்துக் கட்டினவர்கள்மேல் குற்றம் சொன்னது. பக்கத்தில் மிச்சம் நின்ற இன்னொரு 11 மாடியை 2016 நவம்பர் 2இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். விற்பனைக்கு வந்துவிட்ட முத்திரையைக் காட்டி ‘விதியே வேண்டாம்’ என்று சொல்வது, ரேஷன் கடையில் எடை குறைகிறது என்பதால் தராசையே உடைத்துப் போடு என்று சொல்கிற மாதிரி. தராசு நமக்குத்தான் வேணும். கடைக்காரனுக்கு அது இல்லாமலிருப்பதே வசதி.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2013 ஏப்ரல் 24, வங்காளதேசம், சாவார். ராணா பிளாசா என்கிற எட்டு மாடிக் கட்டிடம். மேல் மாடிகள் முறையான அனுமதியில்லாமல் ஏற்றப்பட்டவை. முதல் நாளே சுவரில் விரிசல். கீழே இருந்த பேங்கையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். மேலே துணி தைக்கிற பெண்களை மட்டும் ‘வேலைக்கு வா’ என்று உள்ளே அனுப்பினார்கள். 1,134 பேர் செத்தார்கள். அதே விரிசல்தான் 2021 டிசம்பர் 27இல் நம்ம திருவொற்றியூரிலும் தெரிந்தது. குடிசை மாற்று வாரியம் கட்டின பழைய குடியிருப்பு. விரிசலைப் பார்த்து ஜனங்கள் வெளியே வந்துவிட்டார்கள். 24 வீடுகள் இருந்த பிளாக் மொத்தமாகச் சரிந்தது. ஒரு உயிர் போகவில்லை. அரசாங்கம் கட்டினதும் விழும் என்பது ஒரு பாடம். அதைவிடப் பெரிய பாடம், விரிசலுக்கு அர்த்தம் தெரிந்து, வெளியே வருகிற உரிமையும் இருந்தால் ஜனங்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்பது. அந்த அறிவையும் உரிமையையும் எழுதி வைத்தால் அதற்குப் பேர்தான் பாதுகாப்பு விதி.

இப்போது அண்ணனிடம் வருகிறேன். அண்ணே, நீங்கள் இன்றைக்கு வீட்டுச் சொந்தக்காரர். உங்கள் தாத்தாவுக்கு இல்லாத பேர் இது. அந்தச் சொத்து உண்மையிலேயே உங்களுடையதுதானா?

பிளான் இல்லாத மாடிக்கு பேங்கில் வீட்டுக் கடன் கிடையாது. பேங்க் வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு எட்டோ ஒன்பதோ. நீங்கள் வாங்கியிருப்பது மாசத்துக்கு மூணு வட்டி, அதாவது வருஷத்துக்கு 36. நாலு ரூம் வாடகையில் பாதி வட்டிக்காரனுக்குப் போகிறது, அவன் யார், எந்தத் தெரு என்பதும் உங்களுக்குத் தெரியும். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனிக்கு அடிக்கல் நாட்டினதிலிருந்து இந்த வட்டாரத்தில் நிலம் எடுப்பது ஓயவேயில்லை. நாளைக்கு ரோட்டுக்கோ சிப்காட்டுக்கோ உங்கள் தெருவும் போகலாம். அன்றைக்கு நஷ்டஈடு கணக்குப் போடுகிறவன் காகிதத்தைத்தான் கேட்பான். காகிதமில்லாத மாடியை ‘ஆக்கிரமிப்பு’, ‘அனுமதியற்றது’ என்று ஒரே வார்த்தையில் கழித்துவிடுவது அவனுக்குச் சுலபம். ஊர்க்காரன் பிளான் வாங்காமல் கட்டினால் அவனுக்கு வி.ஏ.ஓ. மாமன், கவுன்சிலர் மச்சான். நமக்கு யார்? விதி மீறல் அவனுக்குச் சலுகை, நமக்கு புல்டோசர். ‘ஊர்ல எவன் வாங்கினான்’ என்கிற நியாயம் நமக்குச் செல்லுபடியாகாது அண்ணே.

மனைப்பிரிவு விஷயத்திலும் அடி வாங்கினது நம்ம ஆளுங்கதான். இந்த ரோடு நெடுகக் கொடி நட்டு, வேன் வைத்துக் கூட்டிப்போய், சோறு போட்டு மனை விற்றார்கள். அங்கீகாரமில்லாத மனை மலிவு, நம்ம கையில் இருந்த காசுக்கு அதுதான் எட்டியது. 2016 செப்டம்பர் 9இல் அந்த மாதிரி மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. 2017இல் வரன்முறைப்படுத்த விதி வந்தது. விற்றவன் லாபத்தோடு அடுத்த லேஅவுட்டுக்குப் போய்விட்டான். வரன்முறைக் கட்டணமும் அலைச்சலும் வாங்கினவன் தலையில்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரைக்கும் தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் குடியிருப்பு கட்ட, ஆபீஸ் ஆபீஸாக அலையாமல் ஆன்லைனிலேயே அனுமதி. நம்ம மூணு சென்ட் என்பது 1,300 சதுர அடிதானே, பொருந்துமே என்று நினைக்கலாம். ஆனால் பட்டா தாத்தா பேரில் இருக்கிறது. தாத்தாவுக்கு அஞ்சு பிள்ளை, வாரிசுச் சான்று இல்லை, உட்பிரிவு இல்லை. அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது, நம்மிடம் சாவியில்லை. பட்டாவுக்காகப் போராடின இயக்கம், கைக்கு வந்த பட்டா பேரன் பேருக்கு மாறுகிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. இது நம்ம தப்பு. அங்கே எழுதிப் போடவேண்டிய மனுவை மேடையில் பேசித் தீர்த்துவிட்டோம்.

இன்னொரு திருட்டும் நடக்கிறது. சட்டப்படி கட்டிடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டிடத் தொழிலாளர் நல நிதிக்குப் போக வேண்டும். பிளான் அனுமதி கொடுக்கும்போது அதை வசூலிக்கிறார்கள். சொந்தக் குடியிருப்புக்காகக் குறைந்த செலவில் கட்டுகிற சின்ன வீட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் இந்த வட்டாரத்தில் பிளான் இல்லாமல் எழும்புகிற மூணு மாடி லாட்ஜும் கல்யாண மண்டபமும் குடோனும் யார் நிதியை விழுங்குகின்றன? கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர்களின் பென்ஷனையும் பிள்ளைப் படிப்பையும் சாவுப் பணத்தையும்தான். அவர்களில் பாதிப்பேர் யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் ‘பிளான் பணக்காரன் விஷயம்’ என்று சொல்லாதீர்கள். பிளான் இல்லாத கட்டிடத்தில்தான் பணக்காரனுக்கு மிச்சம்.

கடைசியாக, கசப்பான விஷயம். நாலு ரூமில் யார் படுக்கப்போகிறார்கள்? ஒரு ரூமுக்கு ஆறு பேர். பகல் ஷிப்ட்காரன் எழுந்த பாயில் நைட் ஷிப்ட்காரன் படுப்பான். இருபத்திநாலு பேருக்கு ஒரு கக்கூஸ். மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. ஒரே மீட்டரிலிருந்து எட்டு வயர் இழுத்திருக்கிறது, எர்த் இல்லை, ஷாக் அடித்தால் கரண்டை வெட்டுகிற ஈ.எல்.சி.பி. இல்லை. மொட்டை மாடிக்குப் பக்கத்தில் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் 11 கே.வி. கம்பி. பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்று மின்சார விதி சொல்கிறது. கீழே இருப்பதோ ஒரே ஒரு தளத்துக்கென்று அஸ்திவாரம் போட்ட தொகுப்பு வீடு. மேலே நாலு ரூமை ஏற்றலாமா என்று எந்த இன்ஜினியரும் வந்து பார்க்கவில்லை. அந்தப் பையன்கள் யார்? கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் அந்த ஊர் தலித்துகள், ஆதிவாசிகள். அவன் ஊரிலும் அவனுக்குச் சேரிதான். இங்கே வந்து நம்ம சேரிக்குள் இன்னொரு சேரியில் படுக்கிறான். அந்தச் சேரிக்கு மிராசுதார் யார்?

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பாடு விஷமாகி 250 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். தரையில் படுக்கை, கழிப்பறையில் தண்ணீரில்லை என்பதெல்லாம் அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். நாமும் கொதித்துப்போய்ப் பேசினோம், துண்டறிக்கை போட்டோம். அவர்கள் உட்கார்ந்ததால்தான் அசைந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குகிற குடியிருப்பு திறக்கப்பட்டது. கம்பெனி விடுதிக்குக் கேட்ட அதே நியாயத்தை நம்ம மாடிக்கு ஏன் கேட்கவில்லை? கம்பெனி செய்தால் சுரண்டல், நாம் செய்தால் பிழைப்பா?

மூவாயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால் பாபிலோனில் ஹமுராபி என்கிற அரசன் கட்டிடத்துக்குச் சட்டம் போட்டான். கட்டின வீடு விழுந்து வீட்டுக்காரன் செத்தால் கட்டினவனுக்கு மரண தண்டனை. வீட்டுக்காரனின் அடிமை செத்தால் பதிலுக்கு இன்னொரு அடிமையைக் கொடுத்தால் போதும். நாடூரில் நம்ம 17 பேருக்கு நடந்த கணக்கு அதுதான். நாளைக்கு அந்த மாடி சரிந்து பீகார்ப் பையன் நாலு பேர் செத்தால், உடலை ஊருக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் காசு கொடுத்துவிட்டு நாமும் அதே கணக்கைத்தான் போடுவோமா? அம்பேத்கர் படத்தை வாசலில் மாட்டிவிட்டு மாடியில் ஹமுராபி சட்டம் நடத்த முடியாது.

என்ன செய்யலாம்? இந்தக் கோரிக்கைகளை ஒவ்வொரு கிளையும் எடுக்க வேண்டும். ஒன்று, சிப்காட்டைச் சுற்றியுள்ள ஒவ்வொரு காலனியிலும் முகாம் போட்டு, பட்டாவை இன்று குடியிருக்கிறவர் பேருக்கு உட்பிரிவு செய்து கொடு. இரண்டு, மூணு சென்ட் மனையில் குடியிருப்பும் வாடகை ரூமும் சேர்த்துக் கட்ட மாதிரி வரைபடத்தையும் பொறியாளர் மேற்பார்வையையும் அரசே இலவசமாகக் கொடு. சமச்சீரான விதி வேண்டுமென்றால் சமமாக நிற்க முதலில் இடம் வேண்டும். மூன்று, மழைக்காலத்துக்கு முன்னால், காலனிகளை ஒட்டி நிற்கிற தனியார் சுவர்களையும் குடோன்களையும் கணக்கெடுத்து, சொந்தக்காரர் பேரோடு பட்டியலை ஊராட்சி சுவரில் எழுதிப் போடு. நான்கு, காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் தங்குமிடப் பொறுப்பு கம்பெனியுடையது.

இது அரசிடம் கேட்பது. நாமே செய்யவேண்டியதும் இருக்கிறது. இந்த ரோடு முழுக்க இன்ஜினியரிங் காலேஜ். ஸ்காலர்ஷிப்பில் சிவில் படித்துவிட்டு, கோர்ஸ் முடித்தும் டெலிவரி வண்டி ஓட்டுகிற நம்ம பிள்ளைகள் காலனிக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பிளானில் கையெழுத்து போடப் பதிவு பெற்ற பொறியாளர் வேண்டும்தான். ஆனால் விரிசலை அளக்க, தொங்குகிற வயரைக் குறிக்க, கைப்பிடியில்லாத படியை எண்ண ஒரு டேப்பும் ஒரு நோட்டும் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தெரு. எழுதி எடுத்து, நம்ம வீட்டுக் குறையை நாமே சரிபண்ணிவிட்டு, ஊர்க்காரன் சுவர்க் குறையைக் கலெக்டர் மேஜையில் வையுங்கள். முதலில் நம்ம வீட்டை எழுதினால்தான் அவன் சுவரைப் பற்றி எழுதுகிறபோது கை நடுங்காது.

‘ஊர்ல எவன் பிளான் வாங்கிக் கட்னான்’ என்று அண்ணன் கேட்டாரே, அதற்கு அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அவன் யாரையும் கேட்காமல் எழுப்பின சுவர்தான் அண்ணே நாடூரில் நம்ம மேல் விழுந்தது. அதனால் நாம் வாங்குவோம். அவனையும் வாங்கவைப்போம்.